அணை நிறைவதா, இடம் விடுவதா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் நாஞ்சில் நாட்டில் அன்றாடப் பேச்சாகிவிடும். கும்பப்பூ சாகுபடியைக் கரையேற்ற அணை நிறைந்திருக்க வேண்டும் என்பது உழவர்களின் எதிர்பார்ப்பு. மலையில் பெருமழை பெய்தால் தாங்கிக்கொள்ள அணையில் இடம் இருக்க வேண்டும் என்பது குழித்துறை ஆற்றங்கரை மக்களின் கவலை. 2021 நவம்பர் வெள்ளத்தை அவர்கள் எளிதில் மறந்துவிட முடியாது. இரண்டும் நியாயமானவை, இரண்டையும் ஒருசேர முழுமையாக நிறைவேற்ற இயலாது என்பதுதான் சிக்கல்.

இவ்வாறு முரண்படும் இலக்குகளை ஆராயும் துறை பல்நோக்கு உகப்பாக்கம். அத்துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படும் பெயர் கல்யாண்மய் தேப். காரக்பூர் ஐஐடியில் இயந்திரப் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 1991-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1993-இல் கான்பூர் ஐஐடியில் ஆசிரியரானார்; 2013-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் சென்றார். 2005-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 2011-இல் இன்ஃபோசிஸ் பரிசும் அவருக்குக் கிடைத்தன.

பழைய முறையில், ஒவ்வோர் இலக்குக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டி, ஒரே விடையைக் காண்பார்கள். பொருளாதாரத்திலும் இப்பழக்கம் உண்டு. ஆனால், ஒரு மூட்டை நெல்லுக்கும் வெள்ளம் புகுந்த ஒரு வீட்டுக்கும் எடை போடுபவர் யார்? கணக்குத் தொடங்கும் முன்பே ஒரு தரப்புக்குச் சாதகமான முடிவு அந்த எடைக்குள் ஒளிந்துகொள்கிறது.

அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், மெய்யறிவன் ஆகியோருடன் இணைந்து 2002-இல் தேப் வெளியிட்ட 'என்எஸ்ஜிஏ-2' வழிமுறை எடைகளைக் கேட்பதில்லை. மரபியலிலிருந்து கடன் வாங்கிய முறை அது. நீர் திறப்புத் திட்டங்கள் நூறு இருப்பதாகக் கொள்வோம். எந்த இலக்கிலும் பின்தங்காமல், ஒன்றிலேனும் முந்தும் திட்டம் மற்றதை வென்றதாகும். எதனாலும் வெல்லப்படாதவை முதல் வரிசை பெறும். அவற்றைக் கலந்து புதிய தலைமுறைத் திட்டங்கள் உருவாகும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே களத்தில் போட்டியிட, சிறந்தவை மிஞ்சும். ஒரே இடத்தில் நெருக்கியடிப்பவற்றைவிடப் பரந்து நிற்பவற்றுக்கு முன்னுரிமை. பல தலைமுறைகளுக்குப் பின் கிடைப்பது ஒற்றை விடையன்று, ஒரு வளைகோடு.

அதற்குப் பரேட்டோ வளைகோடு என்று பெயர். பொருளாதார மாணவர்கள் அறிந்த வில்பிரடோ பரேட்டோவேதான்! அவர் டூரின் நகரில் பொறியியல் படித்து, ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதைப் பலர் அறியார். பொறியாளர் ஒருவர் பொருளாதாரத்துக்குத் தந்த கருத்து, ஒரு நூற்றாண்டு கழித்துப் பொறியியலுக்கே திரும்பியிருக்கிறது.

பேச்சிப்பாறைக்கு இப்படியொரு வளைகோடு வரைந்தால், ஓர் அடி இடம் விடுவதால் கரையோரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும், அதற்காகக் கடைமடை வயல்கள் ஏற்க வேண்டிய இழப்பையும் இரு தரப்பினரும் ஒரே தாளில் காணலாம். அதில் எந்தப் புள்ளியைத் தேர்வது என்பதைக் கணினி சொல்லாது. ஆட்சியரும் உழவர்களும் கரையோர மக்களும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அதற்கு முன், 1906-இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையில் இன்று படிந்திருக்கும் வண்டலைச் சரியாக அளந்தாக வேண்டும். கொள்ளளவு தவறானால் வளைகோடும் பொய்த்துப்போகும்.