கழல மறுக்கும் ஆயில் டிரெயின் பிளக்

மின் இணைப்பு கிடைக்காத இடங்களிலும், ஆற்றுப் படுகையில் பில்டர் பாயிண்ட் போட்டு நீர் இறைக்கும் இடங்களிலும் டீசல் என்ஜினையே நம்பிப் பயிர் செய்யும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். என்ஜின் நீண்ட காலம் உழைப்பதற்கு உரிய நேரத்தில் ஆயில் மாற்றுவது மிகவும் அவசியம். இதை விவசாயி தன் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஆனால் பலரும் முதல் வேலையிலேயே நின்று விடுகின்றனர். ஆயில் சேம்பரின் அடியில் உள்ள டிரெயின் பிளக் கழல மறுப்பதே இதற்குக் காரணம்.

பிளக் கழலவில்லை என்று பழைய ஆயிலிலேயே இன்னும் ஒரு பருவம் ஓட்டினால், கரியும் இரும்புத் துகளும் சேர்ந்த ஆயில் பேரிங்குகளையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்து விடும். கோபத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் சேம்பர் விரிசல் விடும். இரண்டிலும் நஷ்டம் விவசாயிக்கே. நாற்று வாடும் நேரத்தில் என்ஜின் பட்டறையில் கிடந்தால், பழுது பார்க்கும் செலவைக் காட்டிலும் பயிர் இழப்பே பெரிதாக இருக்கும்.

பிளக் ஏன் இறுகுகிறது?

முதற் காரணம், சென்ற முறை அளவுக்கு மீறி முறுக்கியதாகும். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரை 20 கிலோ விசையில் இழுத்தால் மரையின் மேல் 4 கிலோ-மீட்டர் முறுக்கு விசை விழுகிறது. அதே ஸ்பானரில் ஒரு மீட்டர் நீளக் குழாயை மாட்டி அதே விசையில் இழுத்தால் அது 20 கிலோ-மீட்டராகி விடுகிறது. அதாவது ஐந்து மடங்கு. "ஆயில் ஒழுகக் கூடாது" என்று எண்ணிக் குழாய் போட்டு முறுக்கிய பிளக், அடுத்த முறை எளிதில் கழலாது.

இரண்டாவது காரணம் துரு. சேறும் ஈரமும் படும் இடத்தில் பிளக் இருப்பதால் தலையைச் சுற்றித் துரு ஏறுகிறது. சேம்பர் அலுமினியத்தாலும் பிளக் இரும்பாலும் ஆனதாக இருந்தால், ஈரம் படும்போது இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு உண்டாகி மரை பிடித்துக் கொள்ளும்.

மூன்றாவது, வாஷர் இல்லாமல் பூட்டுவது. செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி இடைவெளியை அடைப்பதால்தான் சிறிது முறுக்கினாலே ஒழுக்கு நிற்கிறது. வாஷர் தொலைந்து போனால், ஒழுக்கை நிறுத்த மேலும் மேலும் முறுக்க வேண்டியதாகிறது.

சரியான ஸ்பானர்

பிளக்கின் தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் ஸ்பானரே காரணம். ஸ்க்ரூ ஸ்பானர், பைப் ரெஞ்ச், கட்டிங் பிளேயர் ஆகியவற்றை முதலில் கையில் எடுக்கக் கூடாது. ஆறு பக்கங்களையும் முழுவதும் பற்றும் பாக்ஸ் ஸ்பானரோ ரிங் ஸ்பானரோ தேவை.

பழைய என்ஜின்களில் அங்குல அளவும், பிந்தியவற்றில் மில்லி மீட்டர் அளவும் உண்டு. முக்கால் அங்குல ஸ்பானரும் 19 மி.மீ. ஸ்பானரும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 11/16 அங்குலம் என்பது 17.46 மி.மீ. ஆகும். இதற்கு 17 மி.மீ. ஸ்பானர் நுழையாது, 18 மி.மீ. ஸ்பானர் ஆடும். ஆடும் ஸ்பானரால் இறுகிய பிளக்கைத் திருப்பினால் தலை உருண்டு விடும்.

கழற்றும் முறை

1. என்ஜினை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தவும். ஆயில் இளகுவதோடு அதில் உள்ள கசடும் சேர்ந்து வெளியேறும். அலுமினியச் சேம்பராக இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் மரையின் பிடி சற்றுத் தளரும். நீண்ட நேரம் ஓடிய என்ஜினாக இருந்தால், ஆயில் கையைச் சுடாத அளவுக்கு ஆற விடவும்.

2. டீசல் வரும் வழியை அடைத்து, ஹாண்டிலை எடுத்து விடவும். பவர் டில்லராக இருந்தால் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் படுக்கக் கூடாது.

3. பிளக்கைச் சுற்றியுள்ள சேறு, துரு ஆகியவற்றைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைக்கவும். துரு இளக்கும் எண்ணெய் கிடைத்தால் பிளக்கைச் சுற்றி விடவும். அது இல்லாவிட்டால் டீசலில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி ஓர் இரவு வைக்கவும். அவசரப்படாமல் விடும் இந்த ஓர் இரவு, மறுநாள் பாதி வேலையைக் குறைக்கும்.

4. மறுநாள் என்ஜினை மீண்டும் சூடேற்றி நிறுத்திய பின், பிளக்கின் தலை மீது நேராக, சிறிய சுத்தியலால் நான்கைந்து முறை மெதுவாகத் தட்டவும். துருவின் பிடி இதனால் விட்டுப் போகும். சேம்பரின் மீது அடி படக் கூடாது.

5. திருப்ப வேண்டிய திசையை உறுதி செய்து கொள்ளவும். பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் செல்வதற்கு எதிராகத் திருப்ப வேண்டும். அடியில் உள்ள பிளக்கை மேலிருந்து குனிந்தபடி திருப்பும்போது திசை மாறித் தோன்றும். கழற்றுவதாக எண்ணி இறுக்குபவர்கள் பலர்.

6. ஸ்பானரை முழுவதும் மாட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைக்கவும். பிறகு கழற்றும் பக்கம் திருப்பவும். தொடர்ந்து தொங்குவதைக் காட்டிலும், ஸ்பானரின் நுனியில் உள்ளங்கையால் சுருக்கென்று தட்டுவது நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் மட்டும் குட்டையான குழாயைப் பயன்படுத்தலாம். அப்போது என்ஜின் ஆடாமல் ஒருவர் பிடித்துக் கொள்வது நல்லது.

7. சேம்பர் கொள்ளும் ஆயிலைக் காட்டிலும் பெரிய பாத்திரத்தை அடியில் வைத்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றவும்.

தலை மழுங்கிவிட்டால்

எதிரெதிரான இரு பக்கங்களை அரத்தால் ராவி, அடுத்த சிறிய அளவு ஸ்பானர் இறுக்கமாக மாட்டும்படி செய்யலாம். அதுவும் பயன்படாவிட்டால், தலையின் ஓரத்தில் உளியை வைத்து இடஞ்சுழியாகத் தட்டித் திருப்பலாம். இப்படிக் கழற்றிய பிளக்கை மீண்டும் போடக் கூடாது.

காஸ் வெல்டிங் விளக்கால் சூடேற்றுவது ஆபத்தானது. ஆயில் ஆவியும் சிந்திய டீசலும் தீப்பற்றக் கூடும். அலுமினியச் சேம்பர் உருகவும் கூடும். சூடு தேவைப்பட்டால் கொதிநீரில் நனைத்த துணியைப் பிளக்கைச் சுற்றியுள்ள சேம்பர் பகுதியில் வைத்தால் போதும்.

எதற்கும் அசையாவிட்டால் விட்டு விடவும். பாசனம் நிற்காமல் இருக்க, ஆயில் ஊற்றும் துவாரம் வழியே குழாய் விட்டுக் கைப் பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதிய ஆயில் ஊற்றலாம். வாயால் உறிஞ்சக் கூடாது. அடியில் தங்கும் கசடு இம்முறையில் வெளியேறாது. ஆகவே பாசனம் ஓய்ந்தவுடன் லேத் பட்டறையில் பிளக்கை எடுத்து மரையைச் சரி செய்து கொள்ள வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது

கழற்றிய பிளக்கைத் துடைத்துப் பார்க்கவும். மிக நுண்ணிய இரும்புப் பொடி இருப்பது இயல்பு. செதில் செதிலாக உலோகம் இருந்தால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

மரையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது வாஷர் போடவும். பிளக்கை முதலில் விரலாலேயே முழுவதும் திருக வேண்டும். விரலால் திருக முடியாமல் தடுத்தால் மரை கோணலாக ஏறுகிறது. உடனே கழற்றித் திரும்பப் பொருத்தவும். பிறகு ஸ்பானரால், குழாய் மாட்டாமல், வாஷர் நசுங்கிப் பிடிக்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். முறுக்கு அளவு கையேட்டில் இருந்தால் அதைப் பின்பற்றவும்.

மரை தேய்ந்த துவாரத்தில் துணி, சணல் ஆகியவற்றைச் சுற்றிப் பிளக்கைச் செருகி ஓட்டுவது பெருந்தவறு. இரவில் ஆள் இல்லாமல் ஓடும் என்ஜினில் அதிர்ச்சியால் பிளக் விழுந்தால், சில நிமிடங்களில் ஆயில் வடிந்து என்ஜின் பிடித்துக் கொள்ளும். புது மரை வெட்டி அதற்கேற்ற பிளக் போடும் செலவு, கிராங்க் ஷாப்ட் மாற்றும் செலவின் முன் மிகச் சிறியது.

ஆயில் ஊற்றியதும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பிளக்கைச் சுற்றி ஒழுக்கு உள்ளதா என்று பார்க்கவும். நிறுத்திச் சிறிது நேரம் கழித்து அளவுக் குச்சியில் ஆயில் மட்டத்தைச் சரி பார்க்கவும். மாற்றிய தேதியையும் ஓடும் மணிகளையும் என்ஜின் கொட்டகைச் சுவரில் குறித்து வைத்தால், கையேட்டில் கூறிய மணிக் கணக்குப்படி அடுத்த முறை தவறாமல் மாற்றலாம்.

பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவாகும். தகரத்தில் சேர்த்து வைத்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் ஒப்படைக்கலாம். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது நல்லது.