உஷார்! உங்கள் எக்செல் ஷீட் சத்தமில்லாமல் பொய் சொல்கிறது

இன்று ராத்திரி கஸ்டம்ஸ் ஏஜென்டுக்குச் சரக்கு விவர ஷீட் அனுப்பப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். இன்னும் அனுப்பாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

பொருளின் வகையைச் சொல்லும் எண்தான் எச்.எஸ். கோடு. "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்று இருக்கிறீர்களா? அந்த நினைப்பை இந்த நிமிஷமே விடுங்கள். 2011 முதல் நம் நாட்டு கஸ்டம்ஸில் சுய மதிப்பீடுதான். பொருள் என்ன, எட்டு இலக்கக் கோடு என்ன, விலை என்ன, டியூட்டி எவ்வளவு, எல்லாவற்றையும் சரக்குக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். ஏஜென்ட் உங்கள் சார்பில் தாக்கல் செய்கிறார், அவ்வளவுதான். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் முதல் வரியில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

சென்னையில் ஒரு சிறு வியாபாரிக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், பாவம். சீனாவின் யீவு சந்தையிலிருந்து கலவைச் சரக்கு இறக்குபவர். சாவிக்கொத்து, பிளாஸ்டிக் அலங்காரம், போட்டோ ஃப்ரேம், கொஞ்சம் பொம்மை. ஆபீஸில் ஒரு மாஸ்டர் ஷீட் உண்டு. ஐட்டம் நம்பரை அடித்தால் வி-லுக்அப் ஃபார்முலா கோடை எடுத்துப் போட்டுவிடும். அந்த ஃபார்முலாவின் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். இல்லை. எழுதிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? தேடிய நம்பர் மாஸ்டரில் இல்லையென்றால் எக்செல் "இல்லை" என்று சொல்லாது. அதற்கு முந்தைய நம்பரின் கோடை எடுத்து நீட்டிவிடும். சிவப்பு எழுத்தும் வராது, எச்சரிக்கையும் வராது. புதிதாகச் சேர்ந்த பொம்மைக் கார் மாஸ்டரில் இல்லை. மேல்வரியில் இருந்த பிளாஸ்டிக் அலங்காரப் பொருளின் 3926 வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பொம்மைக்கு உரியது 9503. அதன் அடிப்படை டியூட்டியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏற்றினார்கள். 2023-ல் 70 ஆக்கினார்கள். போதாததற்கு, 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். தரச்சான்று இல்லாத பொம்மைக்கு இங்கே இடமே இல்லை.

தாக்கலுக்கு முன் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் செக்லிஸ்ட் அனுப்பினார். நம்மவர் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. இடது கையால் கட்டைவிரல் குறியைத் தட்டிவிட்டார். ஏஜென்டுக்கு அதுதான் சம்மதம்.

பெட்டியைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். திறந்தால் கார் பொம்மை!

கன்டெய்னர் நின்றது. சரக்கு நிலையத்தின் வாடகை ஒரு பக்கம் ஓடியது. கன்டெய்னரைத் திருப்பாததற்குக் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷன் கட்டணம் இன்னொரு பக்கம், அதுவும் டாலர் கணக்கில். சரி, இதோடு போகட்டும் என்றுதான் அவரும் நினைத்தார். போகவில்லை. பழைய இறக்குமதித் தாக்கல்களை, அதாவது பில் ஆஃப் என்ட்ரிகளை எடுத்தார்கள். அதே மாஸ்டர், அதே ஃபார்முலா, அதே தப்பு! கவனக்குறைவு என்றால் 2 வருஷம் பின்னால் போவார்கள். தெரிந்தே மறைத்தது என்றால் 5 வருஷம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். மறைத்தது என்று முடிவானால் கட்டாத டியூட்டிக்குச் சமமான அபராதம் தனி. "ஃபார்முலா தப்பு சார்" என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் தப்பு ஒவ்வொரு முறையும் டியூட்டியைக் குறைக்கும் பக்கமே விழுந்திருக்கும்போது, கேட்கிறவர் எப்படி நம்புவார்? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ஷீட்டிலும் இது இருக்கலாம். பாருங்கள்.

கோடு ஏழு இலக்கமாக நிற்கிறதா? ஆபத்து!

மஞ்சள் தூளின் கோடு 09103030. எக்செலில் அப்படியே அடித்துப் பாருங்கள். 9103030 என்று நிற்கும். முன்னால் இருந்த சைபர் போயே போச்சு. "எட்டு இலக்கம் வேணுமே" என்று யாராவது கடைசியில் ஒரு சைபரை ஒட்டுவார்கள். இப்போது அது 91-ஆம் அத்தியாயம். அங்கே இருப்பவை கடிகாரங்கள்! நீலகிரியிலிருந்து போகும் கறுப்புத் தேயிலை 0902 40. சைபர் விழுந்தால் 9024, அதாவது பொருளின் கடினத்தன்மையைச் சோதிக்கும் இயந்திரம். சிரிக்காதீர்கள். மீன், பூ, காய்கறி, முந்திரி, மிளகு என்று நம் பக்கத்திலிருந்து கப்பலேறும் பல சரக்கு 01 முதல் 09 வரையிலான அத்தியாயங்களில்தான் இருக்கிறது. இப்படி உடைந்த கோடைப் பெரும்பாலும் கஸ்டம்ஸ் சிஸ்டமே திருப்பி அனுப்பிவிடும். நல்லதுதான். திரும்பி வந்ததும் ராத்திரி பதினொரு மணிக்கு, ஏற்றுக்கொள்கிற ஏதோ ஒரு கோடைத் தேடிப் போடுகிறார்களே, எனக்குப் பயம் அங்கேதான்.

சப்ளையர் கொடுத்த கோடை வெட்டி ஒட்டுகிறீர்களா? வேண்டவே வேண்டாம்!

முதல் ஆறு இலக்கம் மட்டும்தான் உலகத்துக்குப் பொது. அதற்குப் பிறகு அந்தந்த நாட்டின் கணக்கு. சீனத் தாக்கலில் பத்து இலக்கம், நமக்கு எட்டு. கடைசி இரண்டை வெட்டினால் நம் கோடு வந்துவிடாது. அந்த ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அவர் ஊரில் ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி கோடுக்குக் கோடு மாறும். அவருக்குத் தோதானதை அவர் போட்டிருக்கலாம்.

அளவு இருக்கும் இடத்தில் '120 பீஸ்' என்று எழுத்தும் சேர்ந்திருக்கிறதா? எக்செலின் கூட்டல் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். மொத்தம் குறைந்து வரும். ஷீட்டில் குறைவு, பெட்டியில் அதிகம். காட்டாத சரக்கு என்றால் பறிமுதல் வரை போகும், கண்ணு!

ஸ்க்ரூ அளவு 10-12 என்று அடித்தது தேதியாக மாறி நிற்கிறதா? விவர வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினீர்களா? பொருள் நகர்ந்திருக்கும், கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். போன வருஷ ஷீட்டையே ஓட்டுகிறீர்களா? 2023-லும் 2025-லும் பல புதிய எட்டு இலக்கக் கோடுகள் மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2028 ஜனவரி 1-ல் உலக அளவிலேயே ஆறு இலக்கப் பட்டியல் மாறப்போகிறது.

ஏற்றுமதிக்காரர்கள் "நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம். பின்னல் ஆடை என்றால் 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியில் தைத்த ஆடை என்றால் 62. இன்வாய்ஸில் இரண்டுமே 'ஷர்ட்'தான்! ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் டியூட்டியான டிராபேக், கோடைப் பார்த்துத்தான் வரும். கூடுதலாக வந்ததை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

இப்போதே செய்யுங்கள். கோடு வரிசையை ஒட்டுவதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். சைபர் போன பிறகு மாற்றினால் அது தானாகத் திரும்பாது. சி.எஸ்.வி. ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள், 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். அளவும் எடையும் மட்டும் எண்ணாகவே இருக்கட்டும். பக்கத்தில் 'லென்' ஃபார்முலா போட்டு, எட்டு வராத வரியை வடிகட்டிப் பாருங்கள். செக்லிஸ்ட் வந்தால் கையில் பேக்கிங் லிஸ்டோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் 3 நாளைக்கு நாளுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளுக்கு 10,000 ரூபாய் என்று கட்டணம் ஏறும். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் படிக்காமல் 'ஓகே' போடுகிறார்கள். கப்பல் கிளம்பிய அன்றே ஷீட்டைத் தயார் செய்தால் இந்த ஓட்டம் எதற்கு? கோடு விஷயத்தில் உண்மையிலேயே குழப்பமா? இறக்குமதிக்கு முன்பே விண்ணப்பித்து எழுத்தில் முடிவு வாங்கலாம். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது.

பழைய தாக்கலில் தப்பு இப்போது கண்ணில் படுகிறதா? மூடி வைக்காதீர்கள்! வேண்டுமென்றே செய்யாத தப்பு என்றால், நோட்டீஸ் வருவதற்கு முன் விட்டுப்போன டியூட்டியை வட்டியோடு கட்டி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அந்த டியூட்டிக்கு நோட்டீஸும் கிடையாது, அபராதமும் கிடையாது. மறைத்ததாகக் குற்றம் சாட்டி நோட்டீஸ் வந்துவிட்டால், 30 நாளுக்குள் எல்லாவற்றையும் கட்டினால்கூட டியூட்டியில் 15 சதவீதம் அபராதம் உண்டு.