பி-கிளைக்கோபுரதம்

பி-கிளைக்கோபுரதம் என்பது உயிரணுச் சவ்வில் அமைந்து, உள்ளே நுழையும் நச்சுப்பொருள்களையும் மருந்துகளையும் ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு வெளியேற்றும் கடத்திப் புரதம் ஆகும். மனிதரில் 1,280 அமினோ அமிலங்கள் கொண்ட இதனை ஏபிசிபி1 மரபணு குறியாக்குகிறது. புற்றணுக்களில் இது மிகுந்தால், தம்முள் தொடர்பில்லாத பல மருந்துகள் ஒருசேரப் பயனிழக்கும். இது பன்மருந்து எதிர்ப்பு எனப்படும்.

1976-இல் ஜூலியானோ, லிங் ஆகியோர் கோல்கிசினுக்கு மசியாத சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் இதனைக் கண்டறிந்தனர். கோல்கிசின் கொங்கு வட்டாரத்துக்கு அயலான பொருள் அன்று. தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கின் (செங்காந்தள்) நஞ்சு அதுவே. நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தையும் இப்புரதம் வெளியே தள்ளிவிடும்.

ஆய்வுக்காக, மனித மரபணுவைப் பாக்குலோவைரசில் ஏற்றிப் பூச்சி உயிரணுக்களில் இதனை மறுசேர்க்கைப் புரதமாக உருவாக்குகின்றனர். அவற்றின் சவ்வுத் துணுக்குகளுடன் ஒரு மருந்தைச் சேர்த்து, ஏடிபி சிதையும் வேகம் மாறுகிறதா என அளப்பர். மாறினால் அம்மருந்து புரதத்துடன் வினைபுரிகிறது எனலாம். அது வெளியேற்றப்படுகிறதா, புரதத்தைத் தடுக்கிறதா என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

வெராப்பமில், வால்ஸ்போடார் முதலிய தடுப்பிகள் ஆய்வகத்தில் பலன் தந்தும் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளையின் குருதிக்குழாய்கள் ஆகியவற்றிலும் இதே புரதம் காவல் நிற்கிறது. வால்ஸ்போடார் கொடுத்தபோது புற்றுநோய் மருந்து உடலில் தேங்கி நச்சுத்தன்மை கூடியதால், அம்மருந்தின் அளவையே குறைக்க வேண்டியதாயிற்று.