ஆசிரியர் விகிதமும் ஆசிரியர் அமைப்பும்

சிறிய இறையியல் கல்லூரி ஒன்றைப் பார்வையிட வருவோர் முதலாவது வினவுவது, மாணவர் எத்துணைபேர், ஆசிரியர் எத்துணைபேர் என்பதே. நாற்பது மாணவருக்கு ஐந்து ஆசிரியர் எனில், எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர் எனக் கணக்கிடுவர். பொறியியற் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் விதித்த அளவு இருபதுக்கு ஒன்று. அதனோடு ஒப்பிட்டு நாமும் மனநிறைவு கொள்கிறோம். இம்மனநிறைவு தகுமா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

விகிதம் நமக்கு அறிவிப்பது ஒன்றே: ஆசிரியரது கவனத்தில் மாணவர் ஒருவருக்குக் கிட்டக்கூடிய பங்கு. ஆயின், மாணவர் தொகை குறைவதால் பாடத்துறைகள் குறைவதில்லை. எபிரேயத்தோடு பழைய ஏற்பாடு, கிரேக்கத்தோடு புதிய ஏற்பாடு, இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், ஆயர் பணி என ஆறு துறைகளேனும் வேண்டும். மாணவர் நாற்பதின்மராயினும் நானூற்றுவராயினும் இவை ஆறே. ஐவருள் ஒருவர் முதல்வர், ஒருவர் விடுதிக் காப்பாளர், ஒருவர் மேற்படிப்புக்குச் சென்றவர் எனில், முழுநேரமும் கற்பிக்க எஞ்சுவோர் இருவரே. ஏட்டில் விகிதம் மாறாது; எபிரேயம் அறியாத ஆயரே சபைக்கு அனுப்பப்படுவார்.

இத்தகைய நிலை நமக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் தொடங்கிய குருமடத்தில் மாணவர் எண்மரே. விகிதத்தில் அதனை விஞ்சும் கல்லூரி இன்றும் அரிது. ஆனால் சீகன்பால்கு 1719இலும், உடன் உழைத்த குரூண்ட்லர் 1720இலும் மறைந்தனர். நான்கே ஆண்டுகளில் அப்பணியின் இரு தூண்களும் சாய்ந்தன. ஆள் ஒருவரையோ இருவரையோ மட்டும் நம்பி நிற்கும் கல்வி எத்துணை எளிதில் தளரும் என்பதற்கு இது சான்று.

கொள்ளிடத்திற்கு வடக்கே சிதம்பரம் நமக்கு வேறிரு பாடங்களைக் கற்பிக்கிறது. அங்கு 1920இல் தோன்றிய மீனாட்சி கல்லூரியைத் தொடர்ந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1924 முதல் 1927 வரை அங்குத் தமிழ்க் கல்லூரித் தலைவராய் விளங்கியவர் ஏடு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர். 1931இல் தமிழ்ப் பேராசிரியராய் வந்தவர் அறிவியல் பயின்ற மட்டக்களப்புத் துறவி விபுலானந்தர். அவரை அடுத்து 1933இல் வந்தவர் வழக்கறிஞர் சோமசுந்தர பாரதியார். பாடம் ஒன்றே, கற்பித்தோரின் பயிற்சியோ மூவகை. மாணவர் ஒரே நூலை மூன்று கண்களால் நோக்க இவ்வமைப்பு வழிவகுத்தது.

மற்றப் பாடம் கசப்பானது. பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் பணியாளர் தொகை தேவையை விஞ்சிப் பெருகியது. நிதி நெருக்கடி முற்றவே 2013இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றி அதனை ஏற்றது. மிகையென எண்ணப்பட்ட ஆசிரியர் பலர் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆசிரியர் மிகுதியும் தன்னளவில் நன்மையன்று என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே பேராயங்களும் ஆட்சிக் குழுக்களும் விகிதத்தோடு வேறு மூன்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் அதிலேயே பயின்ற ஒருவர் உண்டா? அவர் ஓய்வு பெறும் ஆண்டில் அவரிடத்தை ஏற்க இன்றே ஒருவர் பயிற்றுவிக்கப்படுகிறாரா? ஆசிரியருள் பெண்களும், பொதுநிலையினரும், சிற்றூர்ச் சபைகளில் ஆயராய் உழைத்தவரும் உளரா?

விருந்து விரிவுரையாளரைப் பகிர்ந்துகொள்ளுதல், அண்மையிலுள்ள இரு கல்லூரிகள் மொழிப் பாடங்களைக் கூட்டாய் நடத்துதல் ஆகியவை பெருஞ்செலவின்றி நாம் செய்யக்கூடியவை. அடுத்த ஆண்டறிக்கையில் விகிதத்தைக் குறிக்கும் வரிக்குக் கீழே, துறைவாரியாக ஆசிரியர் பெயரையும் பயிற்சியையும் ஓய்வு பெறும் ஆண்டையும் எழுதுவோமாக. வெறுமையாய் நிற்கும் கட்டங்களே நாம் எங்குத் தொடங்கவேண்டும் என்பதை நமக்குக் காட்டும்.