நட்சத்திரம் தேடும் வித்தை, உயிரணுவையும் தேடுகிறது... தெரியுமா?

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அங்கே 1988 பிப்ரவரியில் நடந்தது தெரியுமா? வானத்தைப் படமெடுத்துப் பார்த்தபோது, அசையாத நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறியிருந்த ஒரே ஒரு புள்ளியை வானியலாளர் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார். சிறுகோள்! கணித மேதை ராமானுஜன் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் எண் 4130.

இதே மாதிரித் தேடல் இப்போது ஒரு துளி விந்துக்குள்ளும் நடக்கிறது. கோடானுகோடி நட்சத்திரங்களில் புதிதாக ஒன்றைக் கணினியால் பிடிக்க முடிகிறதென்றால், கோடிக்கணக்கான செல் துகள்களில் ஒரு உயிரணுவைப் பிடிக்க முடியாதா என்று யோசித்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு. உருவாக்கிய கருவிக்குப் பெயரே 'ஸ்டார்'! கைதேர்ந்த நிபுணர்கள் இரண்டு நாள் தேடியும் ஒன்றுகூடச் சிக்காத ஒரு மாதிரியில், இந்தக் கருவி ஒரே மணி நேரத்தில் 44 உயிரணுக்களைக் கண்டுபிடித்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை! ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஏங்கிக் கிடந்த ஒரு தம்பதிக்கு இந்த வழியில் கரு தங்கியது என்ற செய்தி 2025-ல் வந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

விந்துப் பரிசோதனையில், நூறு ஆண்களில் ஒருவருக்கு 'கவுண்ட் ஜீரோ' என்றுதான் ரிப்போர்ட் வரும். ஆனால் விந்தில் உயிரணு இல்லை என்றால் விதையிலும் இல்லை என்று அர்த்தமே கிடையாது, தெரியுமா? சிலருக்கு உற்பத்தி அமோகமாக நடந்துகொண்டிருக்கும், வெளியே வரும் பாதைதான் அடைத்திருக்கும்!

அந்த உற்பத்தியைக் கேளுங்கள். ஆரோக்கியமான ஆணுக்கு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் உயிரணுக்கள். ஒவ்வொன்றும் உருவாகி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் இன்று அடிக்கும் கடுமையான காய்ச்சல், பல வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனையிலும் தெரிகிறது. விதைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் விரல் நீளம்கூட இருக்காது. அதற்குள் சுருண்டிருக்கும் குழாயைப் பிரித்தால் சுமார் 6 மீட்டர்!

அடைப்பு எதனால் வரும்? காசநோயால் வரலாம். பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாமலும் இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு மறுபடி குழந்தை வேண்டியிருக்கலாம். இன்னொரு காரணத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்: பெரியம்மை! அம்மை வந்து பிழைத்த ஆண்களில் பலருக்கு எபிடிடிமிஸ் அடைபட்டுப் போனதை மும்பை மருத்துவர்கள் 1973-ல் எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோய் 1975-ல் ஒழிந்தது.

அடைப்பு என்றால் மெல்லிய ஊசி போதும். மரத்துப்போக மருந்து போட்டு, எபிடிடிமிஸிலிருந்து திரவத்தை உறிஞ்சினால் அது பீசா. விதையிலிருந்தே எடுத்தால் டீசா. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஊசியில் வரும் கொஞ்சநஞ்ச உயிரணுக்களை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை மாற்றியது பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 1992-ல் உலகுக்குச் சொன்ன 'இக்ஸி'. ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு உயிரணுவைக் கண்ணாடி ஊசியால் செலுத்துவது. லட்சங்கள் வேண்டாம், ஒன்று போதும்!

உற்பத்தியே சரியில்லாதவர்களுக்கு? இங்கேதான் என்னை மிகவும் வியக்க வைத்த விஷயம் வருகிறது. விதைக்குள் சில நூறு மீட்டர் நீளத்துக்கு நுண்குழாய்கள், இடியாப்பம் பிழிந்து வைத்தாற்போல. பெரும்பாலானவை வெறுமையாக இருந்தாலும், எங்கோ ஒரு மூலையில் ஒரு சிறு திட்டு மட்டும் வேலை செய்துகொண்டிருக்கலாம். 1999-ல் நியூயார்க்கின் பீட்டர் ஷ்லெகல், அறுவை அரங்கின் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அந்தத் திட்டைத் தேடும் வழியைக் காட்டினார். சுமார் 20 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், உயிரணு உள்ள குழாய் கொஞ்சம் தடித்து, மங்கலான வெண்மையாகத் தெரியும். அதை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். பெயர் மைக்ரோ டீசி. ஊசியைவிடப் பெரிய சிகிச்சைதான், மணிக்கணக்கில் நீளும். ஆனாலும் எடுக்கும் சதை வெகு குறைவு. கைவிடப்பட்ட ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உயிரணு கிடைக்கிறது! ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறந்தவர்களுக்குக்கூட! இவர்களுக்குக் குழந்தை பிறக்கவே பிறக்காது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டோ மூன்றோ உயிரணுதான் கிடைத்தது, அதை எப்படிப் பத்திரப்படுத்துவது? 1997-ல் ஒரு குழு, உள்ளிருப்பதை எடுத்துவிட்ட முட்டையின் வெறும் மேலுறைக்குள் உயிரணுவை வைத்து உறைய வைத்தது. எப்பேர்ப்பட்ட யோசனை!

எல்லோருக்கும் விதையில் ஊசி குத்தத் தேவையில்லை என்பதும் தெரியுமா? சர்க்கரை நோயால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுபவர்களுக்குச் சிறுநீரிலிருந்தே உயிரணுவைப் பிரித்துவிடலாம். மூளையிலிருந்து ஹார்மோன் உத்தரவு வராதவர்களுக்கு, அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் விதை தானாகவே உற்பத்தியைத் தொடங்கிவிடும்.

காவலூர் இருக்கும் அதே ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கினால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தையின்மைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் வந்தும், முதலில் பரிசோதனைக்கு உட்காருவது பெரும்பாலும் மனைவிதான். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அப்படியிருக்க, அவளுக்கு மட்டும் ஸ்கேன், மாத்திரை, ஊர்ப்பேச்சு என்பது அநியாயம். ஆணுக்கு முதல் பரிசோதனை வெறும் ஒரு டப்பாவில் முடிகிறது, ஐயா!

ஜீரோ என்று வந்தால் உடனே அறுவை அரங்குக்கு ஓடவும் வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி பரிசோதியுங்கள். மாதிரியை மையவிலக்கியில் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அளவு, குரோமோசோம் அமைப்பு, ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்பது எல்லாம் ரத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்த விடுபட்ட துண்டு 'சி' பகுதி என்றால் நம்பிக்கை உண்டு. 'ஏ' பகுதியோ 'பி' பகுதியோ முழுதாகப் போயிருந்தால் தேடிப் பலனில்லை. அந்த அறுவையையும் செலவையும் ஒரு ரத்தப் பரிசோதனை மிச்சப்படுத்திவிடும்.