டிவி பெட்டியில் எழுதிய பெயரும் பில்லில் எழுத வேண்டியதும்

"எல்சிடி வேண்டாம் சார், அது பழசு. எல்இடி காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களை எந்த டிவி ஷோரூமிலும் பார்க்கலாம். அவர்கள் வாங்கிப் போவதும் எல்சிடிதான். திரவப் படிகத் திரைக்குப் பின்னால் முன்பு மெல்லிய குழல்விளக்குகள் எரிந்தன. இப்போது எல்இடி விளக்குகள் எரிகின்றன. திரை அதே திரை. கியூஎல்இடி என்று கூடுதல் விலை போட்டு விற்பவையும் பெரும்பாலும் எல்சிடியே. விளக்குக்கும் திரைக்கும் நடுவே நிறத்தைத் துல்லியமாக்கும் ஒரு படலம் சேர்ந்திருக்கும். ஓஎல்இடி மட்டும் வேறு இனம். அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும்.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே விற்பனையாளரிடம் பேசும் விதம் மாறிவிடும். பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துக்களை விட்டுவிட்டு, திரை என்ன ரகம், பழுதானால் யார் பொறுப்பு, எத்தனை வருடம் என்று கேட்கத் தொடங்குவோம்.

பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு இதே ஷோரூம்களில் எல்சிடியா, பிளாஸ்மாவா என்பதுதான் பெரிய கேள்வி. பிளாஸ்மா திரை என்பது லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள். ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்ததும் புற ஊதாக் கதிர் எழும்பி, அறையில் பூசிய பாஸ்பரை ஒளிர வைக்கும். அதனால் கறுப்பு நிறம் நல்ல கறுப்பாகத் தெரியும், கிரிக்கெட் பந்து வேகமாகப் போனாலும் இழுபடாது, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. அன்றைய எல்சிடி இந்த மூன்றிலும் பின்தங்கியே இருந்தது.

இருந்தும் ஷோரூமில் ஜெயித்தது எல்சிடி. கூரை முழுக்க விளக்கு எரியும் கடையில் பிளாஸ்மாவின் கண்ணாடி வெளிச்சத்தைப் பிரதிபலித்து மங்கலாகத் தெரியும். பக்கத்திலேயே எல்சிடி பளிச்சென்று மின்னும். வாங்க வந்தவர் அங்கே நின்றபடியே முடிவெடுத்தார். இரவு எட்டு மணிக்குத் தன் வீட்டு ஹாலில் அந்தப் படம் எப்படித் தெரியும் என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை.

இன்றும் அதே கதைதான். கடையில் ஓடும் டிவிகளில் பெரும்பாலானவை 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற அமைப்பில், வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றி வைத்தவை. கூடவே கம்பெனி தந்த, பூவும் கடலுமான டெமோ வீடியோ. ரிமோட்டைக் கையில் வாங்கி 'ஸ்டாண்டர்டு' அல்லது 'மூவி' அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் பார்க்கிற மாதிரி ஒரு சாதாரணப் படத்தை, இருட்டுக் காட்சி இருக்கிற படமாகப் பார்த்து, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். காசு கொடுப்பவருக்குப் பொருளின் தரம், திறன் பற்றிய தகவலைப் பெறும் உரிமை நுகர்வோர் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிளாஸ்மாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். 42 அங்குல செட் ஒன்று ஓடும்போது 200 வாட்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம். அதே அளவுள்ள இன்றைய எல்இடி 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். 150 வாட் வித்தியாசம் என்று வைத்து, தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 54 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ்ப்படிக் கட்டணச் சலுகை பறிபோகும் என்பதால், அந்த 54 யூனிட் சில வீடுகளில் பெரிய தொகையாகவே வந்து நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் இன்னொரு தொல்லை: வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் வாயு அடைத்த அந்தக் கண்ணாடித் தட்டு 'ர்ர்ர்' என்று ரீங்காரமிடும். அதிக உயரத்தில் இந்தச் சத்தம் வரலாம் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதை வாங்குவதற்கு முன் படித்தவர்கள் எத்தனை பேர்?

பானசோனிக் 2013 டிசம்பரோடு பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் விலகின. புதிய பிளாஸ்மா டிவி இன்று சந்தையில் இல்லை. ஆனால் பழையவை இருக்கின்றன. லாட்ஜ், கிளப், திருமண மண்டபம் என்று எங்கிருந்தோ கழற்றி வந்து, "50 இன்ச், ஒரிஜினல் ஜப்பான் செட்" என்று சில ஆயிரத்துக்குக் கை மாறுகின்றன. என் கருத்தைக் கேட்டால், வாங்காதீர்கள். உதிரிபாகம் என்பது வேறொரு செத்த செட்டிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும். பிளாஸ்மா பலகைகளில் 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தங்கும். பழக்கமில்லாதவர் பின்மூடியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. எடையும் அதிகம். சுவரில் மாட்டினால் சாதாரண எல்இடிக்கு அடித்த பிராக்கெட் தாங்காது.

பழைய செட்டைக் கடைக்காரர் பில் போட்டு விற்றால், அவர் சொன்ன தரம் இல்லாதபோது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் ஆன்லைனில் பார்த்து வாங்கியிருந்தால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். விலை குறைகிறதே என்று பார்க்கும்போது, அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து குறைகிறது.

பிளாஸ்மாவைப் பிடித்த பழைய நோய் ஒன்று இப்போது ஓஎல்இடியில் திரும்பி வந்திருக்கிறது. அசையாத படம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துபோகும். நம் வீடுகளில் செய்தி சேனல் காலையில் போட்டால் ராத்திரிவரை ஓடும். மூலையில் சேனல் லோகோ, கீழே ஓடும் செய்திப் பட்டை, அதற்கு மேல் விளம்பரப் பட்டை. இரண்டு மூன்று வருடத்தில் சினிமா பார்க்கும்போதும் மூலையில் அந்த லோகோ நிழலாக நின்றால் என்ன செய்வது? பல நிறுவனங்களின் வாரண்டியில் இந்தத் தடம் பதிதல் சேராது. 'பயன்பாட்டால் வந்தது' என்று கையை விரிப்பார்கள். நாள் முழுக்கச் செய்தியும் சீரியலும் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இருட்டறையில் படம் பார்க்க விரும்புகிறவருக்கு அது அருமையான திரை. அவரும் இந்த ஒரு வரியை வாரண்டி அட்டையில் தேடிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

எந்த ரகமானாலும் டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான். பேனல் போனால் மாற்றுச் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். அந்த பேனலின் விலையையே நிறுவனங்கள் கூடிப் பேசி ஏற்றிய வரலாறும் உண்டு. எல்சிடி பேனல் தயாரிப்பாளர்கள் ரகசியமாக விலை நிர்ணயித்த வழக்கில், தைவானின் ஏயூ ஆப்ட்ரானிக்ஸுக்கு 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் 50 கோடி டாலர் அபராதம் விதித்தது. வாங்கியவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. நம் கைக்கு எட்டுவது வாரண்டியும் பில்லும்.

வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டால் போதாது. பேனலுக்கு எத்தனை வருடம், மற்ற பாகங்களுக்கு எத்தனை, ரிமோட்டுக்கு உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். கடைக்காரர் 'மூணு வருஷம்' என்று வாயால் சொன்னதை பில்லில் எழுதி வாங்குங்கள். அதில் இரண்டு வருடம் கம்பெனியுடையதாக இல்லாமல், வேறொரு நிறுவனத்தின் நீட்டிப்புத் திட்டமாக இருக்கலாம். அதற்கு நிபந்தனைகள் வேறு, போன் நம்பரும் வேறு. மாடல் எண், வரிசை எண், வரி எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும். அதைக் கண்டு பயந்து திரும்பி வந்தவர்கள் ஏராளம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கால அளவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். அந்த அச்சிட்ட வரி குறையுள்ள பொருளைத் தலையில் கட்ட உரிமை தந்துவிடாது.

டிவியின் பின்பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் டிவி விற்க அந்தப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். பெயர் தெரியாத பிராண்டுகளை மலிவு விலையில் வாங்கும்போது இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

வீட்டுக்கு வந்த பெட்டியை டெலிவரி ஆள் முன்னாலேயே பிரித்து, பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுங்கள். கடைசியில் பேனலில் விரிசல் என்று தெரிந்தால் 'வாடிக்கையாளர் உடைத்தது' என்ற ஒரே வரியில் கோரிக்கையை முடித்துவிடுவார்கள்; வாரண்டியில் உடைசல் சேராது. அந்த வீடியோ ஒன்றுதான் அப்போது உங்கள் பக்கம் பேசும். சுவரில் மாட்டாமல் மேஜையில் வைப்பதானால் பின்பக்கத்தை வாரால் சுவரோடு கட்டிவிடுங்கள். இன்றைய டிவி எடை குறைந்தது, கால்கள் ஒல்லி. குழந்தை பிடித்து இழுத்தால் அப்படியே மேலே சாயும். இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னலால் போன போர்டுக்கு வாரண்டி கேட்டு ஜெயிப்பது கஷ்டம்.

இத்தனைக்குப் பிறகும் பழுது வந்தால்? கம்பெனியின் சேவை மையத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள். இங்கே ஒரு இடத்தில்தான் பலர் வழக்கையே இழக்கிறார்கள். பார்க்க வரும் சர்வீஸ் ஆள், "சார், பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கேன், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். அவரும் பாவம், அன்றைக்குள் இத்தனை புகாரை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர். நாம் எண்ணைச் சொன்னதும் கம்பெனியின் கணினியில் 'பழுது நீக்கப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி' என்று ஏறிவிடும். திரையில் கோடு அப்படியே நிற்கும். டிவி சரியாகி, குறைந்தது ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்காமல் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார் என்று படியுங்கள். 'பேனல் பழுது' என்பதும் 'வெளிச் சேதம்' என்பதும் உங்கள் பணம் திரும்புமா திரும்பாதா என்பதைத் தீர்மானிக்கும் சொற்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கையெழுத்துக்கு மேலேயே 'இதை ஏற்கவில்லை' என்று எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடியும் தறுவாயில் இருந்தால் மின்னஞ்சலும் அனுப்புங்கள். பழுது வாரண்டிக்குள் வந்தது என்பதற்கு அதுவே தேதியோடு கூடிய ஆதாரம்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 'நாங்கள் வெறும் இடைத்தளம்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், கம்பெனிக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வருவதால். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். வாரண்டி அட்டையில் 'டெல்லி நீதிமன்றங்களுக்கு உட்பட்டது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போட 2019 சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. விற்ற கடை, தயாரித்த நிறுவனம் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் அவர்மேல் இவர் பழிபோடுவார். மாற்று டிவி அல்லது பணம், அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் தெளிவாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாக எடுத்துத் தரும் என்று இருந்துவிடக் கூடாது.

புது டிவி வந்ததும் பழையதைப் பழைய இரும்புக் கடையில் போடுவது நம் ஊர் வழக்கம். குழல்விளக்கு வைத்த பழைய எல்சிடிகளில் பாதரசம் இருக்கிறது. ஆரம்பகால பிளாஸ்மா கண்ணாடியில் ஈயம். 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகளின் குழாயிலும் ஈயம்தான். அதை உடைத்துத் தாமிரம் எடுக்கும் கூலித் தொழிலாளிக்கு முகமூடி கூட இருக்காது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், டிவி தயாரிப்பாளர்களின் தலையிலேயே மறுசுழற்சிப் பொறுப்பை வைத்திருக்கின்றன. அதனால் புது டிவி வாங்கும் கடையிலேயே, பழையதை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் எடுத்தால் அந்தத் தொகையை பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணில் கேளுங்கள். சேகரிப்பு மையம் எங்கே இருக்கிறது என்றும் அங்கேயே விசாரியுங்கள்.