காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடாதீர்கள்

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பலர் உழைக்கிறார்கள். அந்த மாநிலங்களில் ஃபால்சிபாரம் வகை மலேரியா இன்னும் ஓயவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தக் கிருமியை இங்கே பரப்பக் கொசுவும் இருக்கிறது: தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பயந்து நாம் மூடாமல் நிரப்பி வைக்கும் தொட்டிகளில் நகர்ப்புற மலேரியாக் கொசு முட்டையிடுகிறது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

ஃபால்சிபாரம் கிருமி குளோரோகுயினுக்கு மசியாமல் போனதால் கூட்டு மருந்து வந்தது. தமிழ்நாட்டில் ஆர்ட்டிசுனேட் 3 நாள்; முதல் நாள் அதோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ஒரு வேளை; இரண்டாம் நாள் பிரைமாக்குயின் ஒரு வேளை. ஆர்ட்டிசுனேட் சில மணி நேரத்தில் கிருமிகளைச் சரசரவெனக் குறைத்துவிட்டு உடலை விட்டுப் போய்விடும். மிச்சத்தை அழிப்பது நீண்ட நாள் தங்கும் துணை மருந்து. தனி மருந்தாக விழுங்கினால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி வளரும் என்பதால், ஆர்ட்டிசுனேட் மாத்திரையைத் தனியாக விற்க இந்தியாவில் தடை உண்டு.

வைவாக்ஸ் என்னும் இன்னொரு வகை மலேரியாவுக்கு வேறு முறை: குளோரோகுயின் 3 நாள், பிரைமாக்குயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் கல்லீரலில் பதுங்கிய கிருமி பிறகு கிளம்பும். 14 நாள் பிரைமாக்குயின் அதை அழிக்கத்தான்.

யாருக்கு ஆபத்து?

பிரைமாக்குயின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கூடாது. ஜி6பிடி என்சைம் குறைந்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நினைவு தடுமாற்றம், வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் நேரே மருத்துவமனைதான்.

உங்கள் உரிமை

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மலேரியாப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எந்த வகை மலேரியா, எத்தனை நாள் மருந்து என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். மருந்துக்கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். ஆலோசனைக்கு 104, பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024.

ஆலை மேலாளர்களே, ஒப்பந்தக்காரர்களே: காய்ச்சலோடு நிற்கும் தொழிலாளியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அந்த நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடும் என்று பயந்து அவர் மறைக்கும் காய்ச்சல் கொசு வழியாக விடுதி முழுவதும் பரவும்.